தகர வேலியில் நகக்கீறல்கள்

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னிக்குத் தென்மேற்கே, கேம்பல்டவுனையும் தாண்டி, காடு தொடங்கும் இடத்தில் அப்போதுதான் ஒரு புதுக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. இலங்கையிலிருந்து வந்து இரண்டு அறை பிளாட்டில் மூச்சு முட்டிப்போன நானும் என் கணவரும், அங்கே ஒரு காணி வாங்கி வீடு கட்டிக் குடிபுகுந்தோம். ஊரில் புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கும் காலம். இங்கே வசந்தம் தொடங்கியிருந்தது.

வீட்டுக்குப் பின்னால் நிலம் சரிந்து ஒரு ஓடையில் முடியும். ஓடையின் இரு பக்கமும் யூக்கலிப்டஸ் மரங்கள், வெள்ளை வெள்ளையாய், கண் எட்டும் தூரம்வரை. வீட்டுக்கு முன்னால் தெரு. தெருவுக்கு அந்தப் பக்கத்து வீட்டு வாசலில் அதே இனத்தில் பெரிய கிழட்டு மரங்கள் சில நின்றன. எங்கள் வரிசையில் மற்ற எல்லா வீட்டுக்காரரும் பின்பக்கம் வேலி போட்டுவிட்டார்கள். எங்கள் வளவு மட்டும்தான் திறந்து கிடந்தது. அதன் அர்த்தம் அப்போது எங்களுக்குத் தெரியாது.

என் கணவர் பரமட்டாவில் ஒரு அலுவலகத்தில் பொறியியலாளர். படித்தவர், அமைதியானவர், யாரோடும் சண்டைக்குப் போகாதவர். ஆனால் வேலி என்று வந்துவிட்டால் அசல் யாழ்ப்பாணத்தவர். எங்கள் ஊரில் வருடா வருடம் வேலி அடைப்பதும், ஒவ்வொரு தரமும் அடுத்த வளவுக்குள் ஒரு விரல் தள்ளிக் கதியால் தடி நடுவதும், அதற்காகத் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்கு நடப்பதும் சர்வசாதாரணம். இவருக்கு வேலிப் பைத்தியம் வந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. இவர் சிறுபிள்ளையாக இருந்தபோது, இவர்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையைப் பக்கத்துக் காணிக்காரர் ஒருநாள் மறித்து அடைத்துவிட்டார். அதன்பிறகு பள்ளிக்கூடம் போவதென்றால் இன்னொருவர் தோட்டத்துக்குள்ளால், அவர்கள் ஏச ஏச ஓடவேண்டும். வழக்கு இழுபட்டு, வழி திரும்பக் கிடைத்தபோது இவர் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஆகவே தன் பெயரில் ஒரு காணி வந்ததும், ஜன்னலுக்குத் திரைச்சீலை போடுவதற்கு முன்னமே வேலிக்கு ஆள் பிடித்தார். கம்பி வேலி சரிவராதாம், கண்ணூறு படுமாம். ஆள் உயரத்துக்குப் பச்சை பூசிய தகரம்தான் வேண்டும் என்று நின்றார்.

வேலைக்காரர்கள் தகரத்தை இறக்கிக்கொண்டிருந்தபோது, தெருவுக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு விறுவிறுவென்று வந்தாள். என் வயதுதான் இருக்கும். கணவர் பஸ் ஓட்டுபவர் என்று மட்டும் தெரியும். முகம் சிவந்திருந்தது. ஓடையைக் காட்டினாள், தகரத்தைக் காட்டினாள், எங்களைக் காட்டினாள். என்ன சொல்கிறாள் என்று எனக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை. ஊரில் நான் ஆங்கிலம் படிப்பித்த ஆசிரியை என்று சொல்லவே வெட்கமாக இருந்தது. அவளுடைய ஆங்கிலம் வாய்க்குள்ளேயே உருண்டு மூக்கு வழியாக வெளியே வந்தது. என் கணவர் மரியாதையாக, இது என் காணி, உறுதிப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது, வேலி போட எனக்கு உரிமை உண்டு என்றார். அவள் கண் கலங்கித் திரும்பிப் போனாள்.

அதற்கு முந்திய கிழமைதான் பஸ் தரிப்பில் ஒரு மனிதன் எங்களைப் பார்த்து, வந்த இடத்துக்கே திரும்பிப் போங்கள் என்று சொல்லியிருந்தான். அந்தக் காயம் ஆறவில்லை. இவளும் அந்தக் கூட்டம்தான், கறுத்த தோல்காரர் எதிர்வீட்டில் இருப்பது பிடிக்கவில்லை என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம்.

"பாத்தீரே, இதுக்குத்தான் வேலி வேணுமெண்டு சொன்னனான்," என்றார் இவர்.

நானும் ஓம் என்றேன். அதன்பிறகு அவளைத் தெருவில் கண்டால் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அவளும் அப்படியே.

சில கிழமைகளில் ஓடைப் பக்கம் ஒரு பெரிய பலகை நட்டார்கள். எங்களுக்குக் காணி விற்ற கம்பனியே ஓடைவரைக்கும் மரங்களை வெட்டி இன்னும் வீட்டுக் காணிகள் பிரிக்கப் போகிறதாம். நகரசபையின் அனுமதி ஒன்றுதான் பாக்கி. அனுமதி வரும் என்ற நம்பிக்கையில் மரங்களில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். காணி விலை ஏறும் என்று என் கணவர் சந்தோஷப்பட்டார். எனக்கு அந்தச் சிவப்புக் கோடுகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கழுத்தில் கோடு போட்ட மாதிரி ஒவ்வொரு மரமும் நின்றது. ஆனால் வந்து குடியேறியவர்கள் நாங்கள், யாரிடம் போய் என்ன சொல்வது?

ஒரு காலை, விடிந்தும் விடியாத வேளை, ஈர உடுப்புக் கூடையோடு பின்படியில் இறங்கினேன். எங்கள் பின்படி உயரம், வேலிக்கும் கிட்ட. அதில் நின்றால் வேலிக்கு மேலால் ஓடைவரை தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம், தகரத்தின் அடியில், சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று குந்தியிருந்தது. முதலில் யாரோ எறிந்த கம்பளி என்று நினைத்தேன். பிறகு அது இரண்டு கையையும் தூக்கித் தகரத்தில் வைத்தது. நகம் வழுக்கிக் கீழே வந்தது. அந்தச் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. மறுபடியும் வைத்தது, மறுபடியும் வழுக்கியது. அதன் முதுகில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, கெதியா ஓடி வாங்கோ! வேலிக்கு வெளியிலை கரடி நிக்குது!"

"உமக்கு விசரோ? இஞ்சை எங்கையப்பா கரடி?" என்று சாரத்தை இறுக்கிக்கொண்டு வந்தார்.

அது கோலா. அதுவரை கோலாவைப் படத்தில் பார்த்ததோடு சரி. அது கரடி இனமே இல்லை என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. இவர் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அந்த நேரம் பார்த்து, எங்கள் தெருவில் கேட்பாரில்லாமல் திரியும் மண்ணிற நாய் ஒன்று ஓடைப் பக்கத்திலிருந்து உறுமிக்கொண்டு வந்தது. ஏறித் தப்ப அருகில் மரம் இல்லை. வேலி ஓரத்து மரங்களைத்தான் வேலி போட வந்தவர்கள் வெட்டிவிட்டார்களே. தாய் தகரத்தோடு முதுகை ஒட்டி, குட்டியைத் தனக்கும் தகரத்துக்கும் இடையில் ஒளித்துக்கொண்டது.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. கையிலிருந்த கூடையை அப்படியே வேலிக்கு மேலால் நாயின் மேல் எறிந்தேன். இவருடைய அலுவலக வெள்ளைச் சட்டைகள், என் சேலை, எல்லாம் நாயின் தலையில். நாய் திகைத்துப் பின்வாங்கியது. ஆனால் போகவில்லை.

"தகரத்தைக் கழட்டுங்கோ! பாத்துக்கொண்டு நிக்கிறியளே!" என்று கத்தினேன்.

பார்த்துப் பார்த்துப் போட்ட வேலி. ஒரு கணம் தயங்குவார் என்று நினைத்தேன். மனிதர் ஓடிப்போய் அலவாங்கை எடுத்து வந்து ஆணியை நெம்பினார். அது அசையவில்லை. அலவாங்கை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் தகரத்தைப் பிடித்து இழுத்தார். தகரம் கிழிந்த சத்தத்தில் நாய் பயந்து ஓடியது. திறந்த இடைவெளியால் அந்தத் தாய் உள்ளே வந்தது.

அவசரமே இல்லை. எங்களை ஒரு பொருட்டாகவும் மதிக்கவில்லை. இடுப்பை ஆட்டி ஆட்டி, எங்கள் வளவைக் குறுக்கே கடந்து, காருக்குப் பக்கத்தால் போய், தெருவில் இறங்கியது. வழி அதற்கு மனப்பாடமாக இருந்தது. குட்டி மட்டும் தாயின் தோளுக்கு மேலால், பின்னாலேயே போன எங்களைத் திரும்பிப் பார்த்தது. தெருவில் பால் வான் வந்துகொண்டிருந்தது. ஐயோ என்று நான் வாயைப் பொத்தும்போது, எதிர்வீட்டுப் பெண் இரவு உடுப்போடு நடுத்தெருவுக்கு ஓடிவந்து இரண்டு கையையும் விரித்து வானை மறித்தாள். தாய் அவளுடைய காலடியால் நடந்துபோய், அவள் வாசலிலிருந்த கிழட்டு மரத்தில் ஏறியது. அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பால்காரரும் வானை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

பிறகு அவள் நேராக எங்கள் வளவுக்குள் வந்தாள். இவருடைய உள்ளங்கை கிழிந்து இரத்தம் கொட்டிக்கொண்டிருந்ததை அவள்தான் முதலில் கண்டாள். குழந்தைக்கு வாய் துடைக்கும் வெள்ளைத் துணி ஒன்று அவள் தோளில் கிடந்தது. அதை எடுத்து அவருடைய கையை இறுக்கிக் கட்டினாள். அவளைக் குசினிக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி கொடுத்தேன். கதிரையில் உட்கார்ந்து, நான் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

அன்று அவள் கத்தியது எங்கள் தோலைப் பார்த்து இல்லை. ஓடைக்கும் அவள் வீட்டு மரங்களுக்கும் நடுவே இலை தின்னக் கோலாக்கள் போய்வந்த பாதையில் வரிசையாக வேலி எழும்பி, கடைசியில் எங்கள் வளவு ஒன்றுதான் வழியாக மிஞ்சியதாம். அதையும் அடைத்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் அன்று வந்தாளாம். நாங்கள் தகரம் போட்ட நாளிலிருந்து அவள் மரத்துக்கு ஒரு கோலாவும் வரவில்லை. இந்தப் பக்கம் கோலாவே கிடையாது, பிறகேன் மரங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று கம்பனி சொல்கிறது. அந்தக் கிழமையே நகரசபை ஆட்கள் ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்து ஊர்க்காரரைக் கேட்கப் போகிறார்கள். கோலா வருவதே நின்றுபோனால் தான் என்னத்தைச் சொல்வது என்று கேட்டு அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. இத்தனை கிழமையும் வானத்தைப் பார்த்து நடந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.

அவள் போனபின் இவர் வேலிக்கு வெளியே போய்க் குந்தினார். நானும் போனேன். தகரத்தின் அடிப்பக்கம் முழுவதும், பச்சைப் பெயின்ட் உரிந்து, கீறல் கீறலாய்க் கிடந்தது. பழைய கீறல்கள் துருப்பிடித்திருந்தன. புதியவை பளபளத்தன. ஒரு நாள் முயற்சி இல்லை அது. நாங்கள் உள்ளே நிம்மதியாகப் படுத்திருந்த எத்தனையோ இரவுகளில் அது வந்து வந்து திரும்பியிருக்கிறது.

"எங்கட வழியை அடைச்சவனை நான் எத்தினை வருஷம் திட்டினனான்," என்றார். "இப்ப நானே ஒரு தாயின்ரை வழியை அடைச்சுப் போட்டன்."

அவருடைய குரல் அப்படி உடைந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கூட்டத்துக்குப் போகும் மாலை, கோட்டும் சூட்டுமாக வெளிக்கிட்டவர், கழற்றிய தகரத்தைப் போர்வையில் சுற்றிக் காரின் கூரையில் கட்டினார்.

"ஏன் உதைக் காவிக்கொண்டு வாறியள்? சனம் சிரிக்கப் போகுது," என்றேன்.

"நீர் பேசாமல் வாரும்."

மண்டபத்தில் எங்களைத் தவிர எல்லோரும் வெள்ளைக்காரர். கம்பனிக்காரர் நல்ல சூட்டில் வந்து, அழகாகப் பேசினார். புது வீடுகள் வேண்டாமா, இளம் குடும்பங்கள் எங்கே போவது என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானதுதான், நாங்களே அப்படித் தேடி அலைந்தவர்கள். கோலாவைப் பற்றிக் கேட்டபோது, இந்த ஓடையில் அப்படியொன்றை யாரும் கண்டதில்லை என்றார். எதிர்வீட்டுப் பெண் எழுந்து தான் கண்டதாகச் சொன்னாள். வீட்டிலிருக்கும் பெண்களுக்குப் பொழுது போகாவிட்டால் இப்படித்தான் என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, சில பேர் சிரித்தார்கள். அவள் சொல்லவந்ததை முடிக்காமலே உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கொதித்தது.

அப்போது என் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. இவர் போர்வைச் சுற்றலைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்துகொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேசையில் தகரத்தை வைத்த சத்தத்தில் மண்டபமே அடங்கியது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில், நீதிபதிக்கு முன்னால் நிற்பதுபோல நின்று தொடங்கினார்.

"ஐயா, நான் இந்த வேலியின் சொந்தக்காரன். என்னுடைய வேலிக்கு எதிராகவே சாட்சி சொல்ல வந்திருக்கிறேன்."

முதலில் சிரித்தார்கள். இவர் நிறுத்தவில்லை. தான் வந்த ஊரில், ஒருவர் காணிக்குள்ளால் பலகாலம் நடந்து பழகியவரின் வழியைக் காணிக்காரர்கூட அடைக்க முடியாது என்றார். வழி இருந்தது என்பதற்கு அடையாளம் கேட்பார்கள், தேய்ந்த மண்ணையும் கண்டவர் சாட்சியையும் காட்டவேண்டும் என்றார். பிறகு ஒவ்வொரு கீறலையும் விரலால் தொட்டுக் காட்டினார். இது பழையது, இது அதற்குப் பிந்தியது, இது கடைசி நாள் கீறியது. என்னிடம் உறுதி இருக்கிறது, அதனிடம் இல்லை, ஆனால் நான் வருவதற்கு முன்னமே அது இந்த வழியால் நடந்தது, முதுகில் பிள்ளையோடு வந்து என் கதவில் தட்டியது, நான் திறக்கவில்லை என்றார். கட்டுப்போட்ட கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, தானும் கண்டதாகச் சொன்னார். வானை நிறுத்திய பால்காரர். அதன்பிறகு இன்னும் சிலர், கண்டதைச் சொல்லக் கூச்சப்பட்டவர்கள், ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

கதையில் வருவதுபோல எல்லாம் தப்பிவிடவில்லை. நகரசபை ஆட்கள் வந்து ஓடை முழுக்க நடந்து பார்த்தார்கள். கடைசியில், ஓடைக்கரை மரங்களை வெட்டக்கூடாது என்று கம்பனிக்குக் கட்டளை போட்டார்கள். ஓடைக்கு மேலே மேட்டில் நின்ற மரங்கள் போயின. கிழமைக்கணக்கில் மரம் அரியும் வாள் சத்தம் கேட்டது. நான் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். எதிர்வீட்டுப் பெண் வந்து என்னோடு இருப்பாள். அந்த மேட்டில் எத்தனை உயிர்கள் இருந்தனவோ, அவை எங்கே போயினவோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கரையோர மரங்கள் தப்பினாலும், தெருவுக்கு வர வழி வேண்டுமே. ஒரு சனிக்கிழமை இவர் கயிறும் ஆப்பும் எடுத்துக்கொண்டு பின்வளவில் இறங்கினார். கிழிந்த ஒரு தகரத்தை மட்டும் மாற்றுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பக்கவேலியை அடியோடு பிடுங்கி, எங்கள் காணிக்குள்ளேயே தள்ளி, ஓடையிலிருந்து தெருவரைக்கும் ஒரு ஒழுங்கை அகலத்துக்கு நிலத்தை வெளியே விட்டார். எங்கள் இருவர் பரம்பரையிலும் வேலியை உள்பக்கமாகத் தள்ளி நட்ட முதல் மனிதர் இவராகத்தான் இருக்கும். இதைக் கேட்டால் ஊரில் உள்ளவர்கள் விசர் என்பார்கள் என்று நான் சிரிக்க, அவரும் சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்துப் பிடித்தார். எதிர்வீட்டுக்காரியும் பஸ்கார மாப்பிள்ளையும் வந்து, விட்ட நிலத்தில் யூக்கலிப்டஸ் கன்றுகள் நட்டார்கள்.

அவர் போய் இப்போது சில வருடங்கள் ஆகின்றன. நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன். காணியை விற்கச் சொல்லி முகவர்கள் வருவதும், நான் தேத்தண்ணி கொடுத்து அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது. அன்று நட்ட கன்றுகள் கூரைக்கு மேலே வளர்ந்துவிட்டன. ஒவ்வொரு வசந்தத்திலும் யாரோ ஒரு தாய் அந்த வழியால், என்னைத் திரும்பியும் பாராமல், தன் பாட்டில் நடந்துபோவாள். குடியேறி வந்த எங்களுக்கு இந்த மண்ணில் இடம் கிடைத்தது, எங்களுக்கு முன்னமே இங்கே இருந்த ஒருத்திக்கு நாங்களும் சற்று ஒதுங்கி இடம் விட்டோம் என்ற நினைப்புத்தான், அவர் இல்லாத இந்த வீட்டிலும் என்னை நிம்மதியாகத் தூங்க வைக்கிறது.